தேரடித் தெருவில் விழுந்த பிளவு

முப்பிடாதிக்குப் பெண்பிள்ளை பிறந்த ஆடி மாதத்துக் காலையில், ஏழேகால் மணிக்கு, மேலத் தேரடித் தெருவில் வாய் என்று ஒன்று உள்ள பாத்திரங்கள் அத்தனையிலும் ஒரு பிளவு விழுந்தது. தண்ணீர்க் குடம், டீ கிளாஸ், பித்தளைச் செம்பு, இட்லிக் கொப்பரை, பிளாஸ்டிக் வாளி, அம்மன் கோவில் தீர்த்தச் சொம்பு, குழம்புச் சட்டி, மாட்டுத் தொட்டி, தெருக் கிணற்றின் சுற்றுச்சுவர் என்று எல்லாவற்றின் விளிம்பிலும் கிள்ளி எடுத்தது போல ஒரு வெட்டு. சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டையை நனைத்துக்கொண்டார்கள், காபி ஆற்றிக்கொண்டிருந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள், குடத்தை இடுப்பில் வைத்து வந்த பெண்கள் ஒரு பக்கம் சேலை சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். டீக்கடை பீர்முகமது பாய் கடையிலிருந்த கிளாஸ்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட மிச்சமில்லை. அடுப்பில் பால் பொங்கியதால் அதைப் பற்றி அதிக நேரம் யோசிக்க அவரால் முடியவில்லை.

முப்பிடாதியின் புருஷன் கொம்பையாவுக்கு இது எதுவும் தெரியாது. அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். அதே தெருவில் சலூன் வைத்திருப்பவன், வயது முப்பத்தாறு, பதினான்கு வயதில் கத்தி பிடித்தவன். நர்ஸ் பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது மற்ற அப்பன்மார் மாதிரி அவன் கண்ணையோ மூக்கையோ பார்க்கவில்லை. தொழில் பழக்கத்தில் நேராக மேலுதட்டைப் பார்த்தான். மூக்கின் நடுத்தண்டிலிருந்து இறங்கும் இரண்டு சிறு மேடுகள், நடுவில் ஒரு பள்ளம், கீழே வில் போல வளைந்து போகும் சிவப்புக் கோடு. ஒவ்வொரு முகத்திலும் ரேசர் அந்த இடத்தில் நின்று, மூச்சுப் பிடித்து, திரும்பிப் போகும். அவன் மகளுக்கு வலது மேடு இருந்தது. இடது மேடு இருக்க வேண்டிய இடத்தில் உதடு இரண்டாகப் பிரிந்து, மூக்குத் துவாரம் வரைக்கும் திறந்து கிடந்தது.

"பயப்படாதீங்க, சரி பண்ணிரலாம்" என்றாள் நர்ஸ்.

அவன் பயப்படவில்லை. அவனுக்கு ஞாபகம் வந்தது வேறு. முப்பிடாதி மாசமாக இருந்தபோது ஒரு கிரகண நாளில், விடிந்தால் முகூர்த்தம் என்று ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்து நின்றான் என்பதற்காக, கடையைத் திறந்து கத்தி எடுத்தது அவன்தான். கிரகணத்தில் கத்தி எடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பார்கள். அவன் வலது கையைப் பார்த்தான். அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அவர்கள் பிள்ளையோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டுச் சங்கரவடிவு ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். தட்டுக்கு வாய் கிடையாது என்பதால் அது முழுசாக இருந்தது. துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள். மறுபடியும் பிள்ளையைப் பார்த்தாள்.

"ஓ, இவதானா?" என்றாள், ரொம்ப நேரமாகத் தேடிய விலாசத்தைக் கண்டுபிடித்தவள் மாதிரி. "சரி, உள்ள வா முப்பிடாதி. பச்சை உடம்போட வெயில்ல நிக்காத."

பிள்ளைக்கு உலகம்மை என்று பெயர் வைத்தார்கள். தெரு அவளுக்குப் பழகிக்கொண்டது. டீ குடிப்பவர்கள் பெருவிரலால் பிளவை அடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகக் குடிக்கக் கற்றார்கள், பாய் ஒரு விரற்கடை குறைத்தே ஊற்றினார், தண்ணீர் எடுக்கும் பெண்கள் குடத்தின் பிளவு தோள்பக்கம் வரும்படி சாய்த்துத் தூக்கினார்கள், கோவில் பூசாரி தீர்த்தச் சொம்பிலிருந்து தண்ணீர் நூலாக விழுவதால் அபிஷேகம் வெகுநேரம் நடக்கிறது என்று சந்தோஷப்பட்டார், குக்கர்கள் விசில் அடிக்காததால் பருப்பு வெந்ததை மூக்கால் கண்டுபிடித்தார்கள். பஜாரிலிருந்து புதுப் பாத்திரம் வாங்கி வந்தாலும் தெருமுனை டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் பிளவு விழுந்துவிடும். ஆகவே எவர்சில்வர் கடைக்காரர் தெருப்பேரைக் கேட்டதும் மாற்றித் தரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, சட்டையை நனைத்துக்கொண்டு, ஒன்றும் எழுதாமல் போனார். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்டால், "எங்க தெருவுல அப்படித்தான்" என்பார்கள், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சப்பென்று இருப்பதைப் பற்றிச் சொல்வது போல.

வெல்டிங் கடை சாலமோன் மட்டும் சும்மா இருக்கவில்லை. எதையும் ஒட்டவைத்துவிடலாம் என்று நம்புகிறவன் அவன். பாயின் கடை எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துப்போய், பிளவின் இரண்டு கரையையும் இழுத்துச் சேர்த்து, நேர்க்கோடாகப் பற்றவைத்து, தேய்த்து மினுக்கிக் கொண்டுவந்தான். கோடு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கோடு முடிகிற இடத்தில் விளிம்பு உள்ளே இழுத்துக்கொண்டு பள்ளமாக நின்றது. டீ அங்கேயே வழிந்தது.

"கரை ரெண்டும் சேருது, ஆனா விளிம்பு வரமாட்டேங்குது" என்றான் சாலமோன். "என்னன்னு பிடிபடல பாய்."

இதற்கிடையில் பிள்ளை இளைத்துக்கொண்டிருந்தாள். காம்பைக் கவ்வினால் பிளவு வழியாகக் காற்றுத்தான் போனது; பால் வரவில்லை. பிறந்தபோது இரண்டு கிலோ முந்நூறு இருந்தவள் பத்தாம் நாள் இரண்டு கிலோவில் நின்றாள். முப்பிடாதி பாலைப் பீய்ச்சி டம்ளரில் எடுத்து ஸ்பூனால் கொடுத்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. ஒரு நாள் காலை, அழுகிற பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனைத் தேடினாள்; அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எழுந்திருக்கத் தெம்பில்லாமல் டம்ளரையே பிள்ளையின் வாயருகில் சாய்த்தாள். டம்ளரின் பிளவிலிருந்து பால் ஒரே சீராக, தையல் நூல் கனத்தில், நாக்கின் மேல் இறங்கியது. உலகம்மை விழுங்கினாள். மூச்சு வாங்கினாள். மறுபடியும் விழுங்கினாள்.

"இந்தாருங்க, இங்க வந்து பாருங்களேன்" என்று முப்பிடாதி கத்தினாள். கொம்பையா ஓடிவந்து பார்த்தான். டம்ளர், பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு மாதிரி ஆகியிருந்தது.

செய்தி தெரு முழுக்கப் போனது. மத்தியானத்துக்குள் பதினேழு வீட்டுப் பெண்கள் தங்கள் வீட்டு டம்ளரைக் கொதிக்க வைத்து, மூடி எடுத்து வந்துவிட்டார்கள். ஒவ்வொன்றின் பிளவும் ஒரு அகலம். ஒன்று வேகமாக ஊற்றியது, ஒன்று சொட்டியது. கடைசியில் பிள்ளை ஒத்துக்கொண்டது பாயின் கடையிலிருந்து வந்த ஒரு சின்ன கிளாஸைத்தான். அன்றிலிருந்து பாய் அதில் யாருக்கும் டீ கொடுக்கவில்லை. தினமும் காலையில் வெந்நீரில் கழுவித் துணியில் சுற்றி, தானே கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்றாவது வாரம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஹெப்சிபாவைப் பார்த்தார்கள். குள்ளமான, கண்ணாடி போட்ட பெண். பிள்ளையின் வாய்க்குள் டார்ச் அடித்து, சுண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணம் முழுசா மூடியிருக்கு. ஈறுல மட்டும் லேசா ஒரு பள்ளம். உதடும் மூக்கும்தான் வேலை."

கொம்பையா அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னான். "கிரகணத்தன்னைக்கு நான் கத்தி எடுத்துட்டேன் டாக்டரம்மா."

முப்பிடாதி திரும்பி அவனைப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"அப்போ இவங்களுக்கு எத்தனாவது மாசம்?"

"நாலு முடியப்போகுது."

"வயித்துக்குள்ள முகம் ஒரே துண்டா வர்றதில்ல. நடுவில ஒரு துண்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு துண்டு, நகர்ந்து வந்து சந்திக்கும். ரெண்டாம் மாசம் முடியிறதுக்குள்ள சந்திச்சாச்சு, இல்லேன்னா இல்ல. நீங்க கத்தி எடுக்கிறதுக்கு முன்னாலயே இவ உதடு இப்படித்தான்னு முடிஞ்சுபோச்சு. உங்க கத்திக்கும் இதுக்கும் ஒண்ணும் கிடையாது. சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், அவ்வளவுதான்."

கொம்பையா தலையாட்டினான். நம்பும்படியாகவே இருந்தது. ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் உதடு வரைந்தார். "ரெண்டு கரையையும் நேரா இழுத்துத் தைச்சிரலாம், சுலபம். ஆனா தழும்பு சுருங்கி உதட்டை மேல இழுத்துக்கும். ஏன்னா பாருங்க, நடுத்துண்டு ஏற்கெனவே மேல தூக்கிக்கிட்டு நிக்குது. அதனால மூக்குத் தண்டுக்குக் கீழ வளைச்சு ஒரு வெட்டுப் போட்டு, இதைத் திருப்பிக் கீழே இறக்கணும். இறக்கினதும் மேல ஒரு இடம் காலியாகும். வெளிப்பக்கத்துத் துண்டை நகர்த்திக் கொண்டுவந்து அந்தக் காலி இடத்துல உக்கார வைக்கணும். ஒண்ணு இறங்கணும், ஒண்ணு வரணும். தோலோட நின்னாப் பத்தாது. வாயைச் சுத்தி வளையமா ஒரு தசை இருக்கு. இவளுக்கு அது நடுவுல விட்டுப்போய், ரெண்டு முனையும் மூக்கோரமா தப்பான இடத்துல ஒட்டியிருக்கு. அதைப் பிரிச்சுக் குறுக்கே கொண்டுவந்து சேக்கணும். வளையம் சேர்ந்தாத்தான் வாய் குவியும்."

கொம்பையா தாளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தச் செவப்புக் கோடு?" என்றான். "தோலும் உதடும் சந்திக்கிற கோடு. அது ஒரு முடி அகலம் தப்பினாக்கூட, எதிர நின்னு பேசுதவன் கண்ணுல முதல்ல படும். நான் முடிவெட்டுதவன்மா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கும் ஒவ்வொரு தடவையும் அதுதான் பயம். அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கோட்டுல ஊசியால நீல மைப் புள்ளி வச்சுக்குவேன். தைக்கும்போது புள்ளியும் புள்ளியும் சந்திக்கணும்." பிறகு முப்பிடாதியைப் பார்த்துச் சொன்னார்: "பத்து வாரம் ஆகணும். ரத்த அளவு பத்து கிராம் இருக்கணும். எடை பத்து பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ. அது உங்க கையில இருக்கு."

உண்மையில் அது தெருவின் கையில் இருந்தது. கொம்பையா டீக்கடையில் எல்லாவற்றையும் சொன்னான். சாலமோன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். கேட்ட கையோடு போய் ஒரு டம்ளரில் வளைத்து வெட்டி, ஒரு கரையைத் திருப்பி, மறு கரையை நகர்த்திப் பற்றவைத்தான். விளிம்பு சரியாக வந்து நின்றது. ஒரு நாள் முழுக்க அதில் டீ வழியவில்லை. மறுநாள் காலையில் ஒட்டு தானாகவே விட்டிருந்தது. "வழி சரிதான்" என்றான் சாலமோன். "ஆனா பிள்ளைக்கு முன்னாடி டம்ளர் முந்தக்கூடாது போல."

ஆகவே தெரு காத்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் காய்கறிக் கடையின் எலெக்ட்ரானிக் தராசில் சுத்தமான துண்டு விரித்து உலகம்மையைப் படுக்க வைப்பார்கள். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடமாட்டார்கள், காற்றுப் பட்டு எண் மாறிவிடும் என்பது போல. பிறகு அம்மன் கோவில் மைக்கில், "உலகம்மை, மூணு கிலோ நூத்தி இருபது" என்று அறிவிப்பு வரும். எடை கூடின வாரம் பாய் கடையில் எல்லோருக்கும் பருப்பு வடை. கூடாத வாரம் முப்பிடாதியின் வீட்டுக்குக் கருவாட்டுக் குழம்பும், பூண்டுக் குழம்பும், முருங்கைக்கீரையும், பால் சுரக்க என்று யார் யாருக்கு எது தெரியுமோ அதெல்லாமும் தூக்குச் சட்டிகளில் வரும், வழியெல்லாம் சிந்திக்கொண்டு.

இன்னொன்றும் நடந்தது. கொம்பையாவின் ரேசர் மேலுதட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். கன்னம் மழித்துவிடுவான், தாடையை மழித்துவிடுவான், மூக்குக்குக் கீழே வந்தால் கை நடுங்கும். "அதை விட்டுரட்டுமா?" என்று கேட்பான். "விட்டுரு, விட்டுரு" என்பார்கள். புரட்டாசி முடிவதற்குள் தெருவில் மீசை இல்லாத ஆண் யாருமில்லை. மீசை அரும்பத் தொடங்கிய பையன்கள் முதல் போஸ்ட்மாஸ்டர் வரை எல்லோரும் மீசையோடு திரிந்தார்கள். ஒருவர்கூட வேறு சலூனுக்குப் போகவில்லை.

ஏழாவது வாரத்தில் உலகம்மை சிரித்தாள். முப்பிடாதி குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் முகத்தைப் பார்த்து, திடீரென்று. பிளவு இரண்டு பக்கமும் விரிந்து, ஈறு தெரிந்து, மூக்கு அகன்று, முகம் முழுக்க வாயானது போல ஒரு சிரிப்பு. அதைப் பார்த்தவர்களுக்கு வேறு யாருடைய சிரிப்பும் பாதியில் நிறுத்தியது போலத் தெரியத் தொடங்கியது. முப்பிடாதி வேலையை எல்லாம் போட்டுவிட்டு அதற்காக நாள் முழுக்கப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பதினான்காம் வாரம் தராசில் நாலு கிலோ ஐந்நூற்றி அறுபது. கோவிலில் மணி அடித்தார்கள். ரத்தமும் சரியாக இருந்தது. டாக்டர் செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார். திங்கள் காலையில் அட்மிஷன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பிடாதி எடுத்துவைத்த துணிப்பையைப் பிரித்து எல்லாவற்றையும் கொடியில் போட்டாள்.

"வேண்டாம்" என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"இந்த வாயாலதான் என்னப் பாத்துச் சிரிச்சிருக்கா. இதத் தைச்சுட்டு வேற ஒரு வாயக் குடுப்பாங்க. அப்போ இவ எங்க போவா? நான் யாரத் தூக்கிக்கிட்டு வருவேன்?"

கொம்பையா காலிப் பையை மடித்துக் கட்டிலில் வைத்தான். அந்தச் சிரிப்பைத் தானும் விட்டுவிட்டு இருக்கமுடியாது என்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை.

தெரு ஒவ்வொருவராக வந்து பார்த்தது. யாரும் அதட்டவில்லை. "எங்க பாத்திரத்துக்காகச் சொல்லுதோம்னு நெனச்சிராத" என்றாள் சங்கரவடிவு. "அது கெடக்கட்டும்." பீர்முகமது பாய் வாசலிலேயே நின்றுகொண்டு, "தங்கச்சி, நீ மாட்டேன்னு சொன்னா அதுவும் சரிதான். நாங்க இன்னும் அம்பது வருசம் பெருவிரலை வச்சுக் குடிச்சுக்கிடுவோம். பிள்ளைய மட்டும் நெனச்சு முடிவு பண்ணு" என்றார். அப்படி அவர்கள் சொன்னது முப்பிடாதியை இன்னும் அழ வைத்தது.

அன்று மத்தியானம் தளவாய் ஏட்டையா சலூனுக்கு வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர். தெரு மீசைகளுக்கெல்லாம் பல வருஷம் முந்தியது அவர் மீசை; உதட்டையே மூடிக் கன்னம் வரை போகும். கொம்பையாவின் அப்பா காலத்திலிருந்தே அதன் நுனியை மட்டும்தான் வெட்டவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்து, துண்டைத் தானே போர்த்திக்கொண்டார்.

"மீசைய எடு."

"நுனியவா?"

"முழுசா எடுவே. அதுக்கு முன்னால உன் பொண்டாட்டியக் கூப்பிடு. பிள்ளையோட வரட்டும்."

முப்பிடாதி பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். கொம்பையா நுரை போட்டான். கத்தியை எடுத்தான். கை நடுங்கியது. ஏட்டையா கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே, "நடுங்கினா நடுங்கட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார். கொம்பையா மூச்சைப் பிடித்தான். வலது பக்கத்தை முடித்தான். இடது பக்கம் மூக்குக்குக் கீழே வந்தபோது கத்திக்கு அடியில் தோல் வேறு மாதிரி இருந்தது, வழுவழுப்பாக, இறுக்கமாக. அவன் ஒரு கணம் நிறுத்தி, பிறகு மிச்சத்தையும் எடுத்தான். துண்டால் நுரையைத் துடைத்தான்.

மூக்குத் துவாரத்திலிருந்து உதடு வரைக்கும் ஒரு நேர்க்கோட்டுத் தழும்பு. அது முடிகிற இடத்தில் உதடு மேலே ஏறி, ஒரு பல் தெரிந்தது.

முப்பிடாதி வாசலிலிருந்து நாற்காலி அருகில் வந்தாள்.

"பதினாலு வயசுல எங்க ஊருக்கு வந்த ஒரு முகாம்ல தைச்சாங்க" என்றார் ஏட்டையா. மீசை இல்லாமல் அவருடைய குரல்கூடச் சின்னதாகக் கேட்டது. "அதுவரைக்கும் எனக்கு 'அம்மா'ன்னு வராது. 'அங்ஙா'ன்னுதான் வரும். பள்ளிக்கூடத்துல அதச் சொல்லிச் சொல்லிக் காட்டுவானுவோ. தைச்சு நாலு நாள் கழிச்சு, வீங்கின உதட்டோட, வீட்டுல சொல்லிப் பாத்தேன். அம்மான்னு. அவ அடுப்படியில இருந்தா. யாரோ வாசல்ல கூப்பிடுதாங்கன்னு எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டா."

முப்பிடாதி பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் திரும்பி வந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. பழைய சிரிப்பத்தான் தேடியிருப்பா. நான் அவள ஏமாத்திட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. கொஞ்ச நாள் தேடுனா தாயி, பொய் சொல்லக்கூடாது. அது ஒரு துக்கம்தான். பிறகு இந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகிட்டு. செத்துப்போற வரைக்கும் நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவ அவளக் கூப்பிடுவேன், சோலியே இல்லாம."

உலகம்மை கை நீட்டி அவருடைய தழும்பைத் தொட்டாள். விரலால் அதை மேலும் கீழும் தடவினாள். பிறகு அவரைப் பார்த்துத் தன் பெரிய சிரிப்பைச் சிரித்தாள். ஏட்டையாவும் சிரித்தார், மீசைக்கு அடியில் இத்தனை வருஷமும் எப்படிச் சிரித்தார் என்று தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு நேரா இழுத்துத் தைச்சாங்க, நம்ம சாலமோன் டம்ளர் மாதிரி" என்றார். "அதுக்கே இவ்வளவு. இவளுக்கு ஒண்ணு இறங்கி ஒண்ணு வரப்போகுது."

முப்பிடாதி முந்தானையால் பிள்ளையின் எச்சிலைத் துடைத்தாள். அப்புறம் கொம்பையாவைப் பார்த்து, "காலைல எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையை உள்ளே எடுத்துப்போனார்கள். அரைமணி நேரம் கழித்துக் கொம்பையாவின் போன் அடித்தது. பாய்.

"கொம்பையா, கிளாஸ்ல நீலப் புள்ளி விழுது."

"எங்க?"

"பிளவுக்கு ரெண்டு கரையிலயும். எல்லார் வீட்டுலயும்."

தெருவில் யாரும் அன்று வேலைக்குப் போகவில்லை. ஏட்டையா யோசனைப்படி, அடுப்பில் இருந்தவை தவிர மற்றப் பாத்திரங்களையெல்லாம் வாசலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அப்போதுதான் பிளவு மேலுதட்டு வாக்கில், கீழ்நோக்கித் தெரியும். குடங்கள், செம்புகள், சட்டிகள், வாளிகள் தெரு நெடுகக் கவிழ்ந்திருக்க, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் குந்தியிருந்தார்.

"உள்பக்கக் கரை நகருது கொம்பையா. மேல ஒரு வெட்டு விழுது, வளைஞ்சு போகுது… திரும்புது… கீழ இறங்குது, இறங்குது."

"ஒண்ணு இறங்கிட்டு" என்றான் கொம்பையா முப்பிடாதியிடம். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. உலோகத்துக்குள்ளே ஏதோ வேலை நடக்கிற மாதிரி எல்லாப் பாத்திரமும் லேசாகச் சூடாக இருக்கிறது என்று பாய் சொன்னார். வளையத்தைச் சேர்க்கிறார்கள் என்று கொம்பையா நினைத்துக்கொண்டான்.

"வெளிப்பக்கம் வருது. மெதுவா வருது. உக்காந்துட்டு! சேரப்போகுது… சேந்துட்டு…" பிறகு பாயின் குரல் மாறியது. "யா அல்லா. பிரியுது. திரும்பப் பிரியுது கொம்பையா."

முப்பிடாதி காதில் அது விழுந்தது. அவள் நகம் அவன் கையில் பதிந்தது. கொம்பையா கண்ணை மூடினான். அந்தச் சின்ன உதட்டை நினைத்துப் பார்த்தான். மேடு, பள்ளம், சிவப்புக் கோடு.

"பாய், கிளாஸக் கிட்ட வச்சுப் பாருங்க. பிரியுறதுக்கு முன்னால புள்ளியும் புள்ளியும் நேரா இருந்துச்சா?"

"தெரியலையே… ஏட்டையா, நீங்க பாத்தியளா? ஒரு முடி அளவு ஏறி இருந்துச்சாம்."

"அப்போ பயமில்ல" என்றான் கொம்பையா. பாயிடம் சொன்னானா, மனைவியிடமா என்று அவனுக்கே தெரியவில்லை. "அந்தம்மா அதப் பாத்துட்டாங்க. அப்படியே விட மனசு வராது அவங்களுக்கு. பிரிச்சுத் திரும்பப் போடுதாங்க."

பதினொன்றே காலுக்குப் போனில் முதலில் கேட்டது ஒரு குக்கர் விசில். சங்கரவடிவு வீட்டுக் குக்கர். மூன்றரை மாசத்துக்கு அப்புறம். அதற்குப் பின்னால் தெரு முழுக்க ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்குள் பாய் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

டாக்டர் ஹெப்சிபா வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார். "நல்லா வந்திருக்கு. சிவப்புக் கோடு அரை மில்லிமீட்டர் தப்பிட்டு. ஒரு தையலப் பிரிச்சு மறுபடியும் போட்டேன், அதான் நேரமாயிட்டு."

"தெரியும்மா. தெருவுல இருந்து சொன்னாங்க."

டாக்டர் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். "சரி" என்றார். "கையால உதட்டைத் தொடாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்காக உள்ளே போனார்.

பிள்ளையின் இரண்டு முழங்கையிலும் மடக்க முடியாதபடி அட்டை கட்டியிருந்தார்கள். உதடு வீங்கி, தையல் கறுப்பாக, முகம் யாருடையதோ போல இருந்தது. முப்பிடாதி அந்த முகத்தையே பார்த்தாள். பிள்ளை சிரிக்கவில்லை. ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள், சிரிக்கவில்லை. வீடு வந்து, தெரு முழுக்க வந்து பார்த்துப் போனது. மடியில் கிடந்தபடி எல்லோரையும் பார்த்தாள், சிரிக்கவில்லை. பாத்திரங்களின் விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு மட்டும் மிச்சமிருந்தது. தண்ணீர் சிந்தாத குடத்தோடு நடக்கப் பெண்களுக்குச் சில நாள் நடை சரியாக வரவில்லை. வீட்டுக்குள் முப்பிடாதி பழைய முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையின் உதட்டோரத்தில், அழுகிறபோது திறக்கிற வாயில். ஒரு நாள் கொம்பையாவிடம், "ஏட்டையா சொன்னது சரிதான், இது ஒரு துக்கம்தான்" என்றாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அவனும்தான் தேடிக்கொண்டிருந்தான்.

கார்த்திகை முடியப்போகிற ஒரு மத்தியானம், முப்பிடாதி பிள்ளையும் சாப்பாடுமாகக் கடைக்கு வந்தாள். நாற்காலியில் போஸ்ட்மாஸ்டர் பாதி மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பாதி மீசை போயிருந்தது, பாதி நுரைக்குள் இருந்தது. கொம்பையா கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் குனிந்து மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தான்.

உலகம்மை அவனை ஏறிட்டுப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடக்கினாள், வெளியே நீட்டினாள், ஏதோ ஒன்றைத் தேடுவது போல. பிறகு மேலுதடும் கீழுதடும் சுற்றிலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன; கன்னம் இரண்டும் உப்பியது; காற்று உள்ளே தங்கி, தங்கி, தாங்க முடியாமல், "ப்ப்ப்ர்ர்ர்ர்" என்று வெடித்தது. எச்சில் கொம்பையாவின் முகமெல்லாம் தெறித்தது.

"ஏட்டி, என்ன பண்ணுன?" என்றாள் முப்பிடாதி.

சத்தம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். தன்னிடமிருந்துதான் என்று தெரிந்ததும் சிரித்தாள். உதடு அகன்று, தழும்புக் கோடு வெளுத்து, இடது ஓரம் வலது ஓரத்தைவிட ஒரு கணம் பிந்தி வந்து சேர்ந்தது. இதுவரை யாரும் பார்த்திராத சிரிப்பு. முப்பிடாதி சாப்பாட்டுத் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள், அதை முழுசாகப் பார்க்க.

"கொம்பையா, எனக்கு மறுபாதி?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றான் கொம்பையா. முகத்தைத் துடைக்காமல், இன்னும் கொஞ்சம் குனிந்து, பிள்ளையின் எதிரே வாகாக வைத்துக்கொண்டான். "இன்னொரு தடவை ஊதட்டும்."